இதயக் கீழறை நடுக்கம்: ஆம்புலன்ஸ் வந்து சேரும் முன் செய்ய வேண்டியது என்ன?

திருவனந்தபுரம்: கேரளத் தலைநகரிலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவில் அமைந்துள்ளது போனக்காடு. ஆங்கிலேயர் காலத் தேயிலைத் தோட்டமும், இயக்கமற்றுப்போன தேயிலைத் தொழிற்சாலையும், லயங்களில் வசித்துவரும் தமிழ் வம்சாவளித் தொழிலாளர் குடும்பங்களும் இவ்வூரின் அடையாளங்கள். 1,868 மீட்டர் உயர அகத்தியர்கூடம் சிகரத்துக்கான மலையேற்றம் தொடங்குவதும் இங்கிருந்துதான். இங்கு ஒருவர் திடீரென நினைவிழந்து விழுந்தால், வளைவுகள் நிறைந்த மலைச்சாலையில் இறங்கி முதலில் விதுரா தாலுகா மருத்துவமனைக்கும், பின்னர் நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் கொண்டுசெல்ல வேண்டும். சாலையில் தடையேதும் இல்லாவிட்டாலும் தலைநகரை அடைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும்.

விழுந்தவருக்கு ஏற்பட்டிருப்பது இதயக் கீழறை நடுக்கம் என்றால், அவரது மூளை பாதிப்பின்றித் தாக்குப்பிடிக்கக்கூடிய நேரம் நான்கு முதல் ஆறு நிமிடங்கள் மட்டுமே. மருத்துவர்கள் ‘வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன்’ என்று குறிப்பிடும் இந்தத் துடிப்புக் கோளாறு, திடீர் இதய நிறுத்தத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. உரிய நேரத்தில் மின்னதிர்ச்சி கொடுத்தால் முழுமையாக மீளக்கூடிய நிலையும் இதுவே. நேரம் தவறினால் உலகின் எந்த மருத்துவமனையாலும் மீட்க இயலாத நிலையும் இதுவே.

மின்சாரத்தின் குழப்பம்

இதயத்தின் வலது மேலறையில் உள்ள சிறு திசுத் தொகுதி ஒன்று, ஓய்வு நிலையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்தூண்டலை எழுப்புகிறது. அத்தூண்டல் வகுக்கப்பட்ட பாதையில் கீழறைகளுக்குப் பரவ, கீழறைத் தசை முழுவதும் ஒருங்கே சுருங்கி இரத்தத்தை உடலெங்கும் செலுத்துகிறது. கீழறை நடுக்கத்தில் இந்த ஒழுங்கு சிதறுகிறது. தசையின் பல பகுதிகளில் மின்னலைகள் தாறுமாறாகச் சுழல்கின்றன. நார்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே துடிப்பதால் கீழறை சுருங்குவதில்லை. பையில் அடைபட்ட புழுக்களைப்போல நெளிகிறது. இரத்த ஓட்டம் அந்த நொடியே நின்றுவிடுகிறது. சுமார் பத்து விநாடிகளில் நினைவு தப்புகிறது.

இதற்கு முன்னோடியாகப் பல நேரங்களில் அமைவது கீழறை மிகைத்துடிப்பு. இதில் கீழறைகள் ஓர் ஒழுங்குடன், ஆனால் மிக வேகமாகத் துடிக்கின்றன. நாடித்துடிப்பும் நினைவும் இருக்கும்வரை மருந்துகளாலோ கட்டுப்படுத்தப்பட்ட மின்னதிர்ச்சியாலோ இதைச் சரிசெய்யலாம். நாடி மறைந்துவிட்டால் கீழறை நடுக்கத்துக்குரிய அவசர சிகிச்சையே இதற்கும் பொருந்தும்.

தமிழ்ச் செய்தித் தலைப்புகள் திடீர் மரணங்கள் அனைத்தையும் ‘மாரடைப்பு’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகின்றன. இது வெறும் சொற்பிழையாக நின்றுவிடுவதில்லை. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாயில் ஏற்படும் அடைப்பு. அதில் நோயாளி வியர்த்து, வலியால் துடித்து, பெரும்பாலும் நினைவுடன் இருப்பார். அவரை மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்வதே சரியான செயல். இதய நிறுத்தத்திலோ நோயாளி நினைவற்று, இயல்பான மூச்சற்றுக் கிடப்பார். அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு விரைவது, சிகிச்சைக்குரிய நிமிடங்களைச் சாலையில் செலவழிப்பதாகும். விழுந்த இடத்திலேயே மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: மாரடைப்பின் முதல் சில மணி நேரங்களில் ஏற்படும் மரணங்களில் பலவற்றுக்குக் கீழறை நடுக்கமே காரணம்.

ஏமாற்றும் அறிகுறிகள்

கீழறை நடுக்கத்துக்கு ஆளானவர் விழுந்த உடனே அசைவற்றுப் போவதில்லை. மூளைக்கு இரத்தம் தடைப்படுவதால் சில விநாடிகள் கைகால்கள் வெட்டி இழுக்கலாம். இதை வலிப்பு என்று எண்ணி, கையில் இரும்புச் சாவியைத் திணிப்பவர்கள் நம் ஊர்களில் இன்றும் உண்டு. சாவி வலிப்புக்கும் பயன்படாது; இங்கோ அது உயிர்காக்கும் நிமிடங்களை விழுங்கிவிடுகிறது. மற்றொரு மயக்கம் மூச்சு தொடர்பானது. இதயம் நின்ற பின்னரும் சில நிமிடங்கள் வரை, நீண்ட இடைவெளியில், மீன் வாயைத் திறப்பதுபோன்ற திணறல் மூச்சு வரக்கூடும். ‘மூச்சு இருக்கிறது’ என்று சுற்றி நிற்பவர்கள் கைகட்டிக் காத்திருக்கும் துயரம் பெரும்பாலும் இதனால்தான் நேர்கிறது.

பயிற்சி இல்லாதவர்கள் நாடியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பதே மருத்துவ வழிகாட்டுதல். தோளைத் தட்டி உரக்க அழைத்தும் பதில் இல்லை, மூச்சும் இயல்பாக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டதாகவே கொள்ள வேண்டும். ஒருவேளை இதயம் துடித்துக்கொண்டிருந்தாலும், அழுத்துவதால் நேரும் தீங்கு சிறியது. அழுத்தாமல் விடுவதால் நேரும் தீங்கு உயிரிழப்பு.

கைகளால் ஓடும் இரத்தம்

முதல் செயல், உதவிக்குக் குரல் எழுப்புவது. ஒருவர் 108 அல்லது 112 எண்ணை அழைக்க, மற்றொருவர் முதலுதவியைத் தொடங்க வேண்டும். கைபேசியை ஒலிபெருக்கி நிலையில் தரையில் வைத்துவிட்டால் தனியாக இருப்பவரும் இரண்டையும் செய்ய முடியும்.

விழுந்தவரை உறுதியான தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, மார்பின் நடுவே, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறுகையைக் கோத்துக்கொள்ள வேண்டும். முழங்கைகள் மடங்காமல், உடல் எடையைப் பயன்படுத்தி 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்துக்குப் பின்னும் மார்பு முழுமையாக மேலெழ விடுவது முக்கியம். இதயத்தில் மீண்டும் இரத்தம் நிறைவது அந்த இடைவெளியில்தான். பயிற்சி பெற்றவர்கள் 30 அழுத்தங்களுக்கு 2 முறை வீதம் வாய்வழி மூச்சு கொடுப்பார்கள். பயிற்சி இல்லாதவர்கள் அழுத்தத்தை மட்டும் இடைவிடாமல் தொடர்ந்தால் போதும். நீரில் மூழ்கியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் மூச்சு கொடுப்பது கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது.

இது சோர்வளிக்கும் வேலை. இரண்டு நிமிடங்களிலேயே அழுத்தத்தின் ஆழம் குறையத் தொடங்குவதால், அருகில் ஆள் இருந்தால் அந்த இடைவெளியில் மாறிக்கொள்ள வேண்டும். விலா எலும்பு முறியும் ஓசை கேட்கலாம். அதற்காக நிறுத்தக் கூடாது, எலும்பு கூடிவிடும்.

மின்சாரம் தாக்கி விழுந்தவரைத் தொடும் முன் மின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். வீடுகளுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டம் நேரடியாகவே கீழறை நடுக்கத்தைத் தூண்டவல்லது. விழுந்தவர் வாயில் தண்ணீர், சோடா, மாத்திரை எதையும் புகட்டக் கூடாது. தனியாக இருக்கும்போது பலமாக இருமினால் உயிர் பிழைக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் பல ஆண்டுகளாகச் சுற்றிவரும் அறிவுரையை, முதலுதவி முறையாக எந்த இதயநல அமைப்பும் பரிந்துரைக்கவில்லை.

மார்பை அழுத்துவது நடுக்கத்தை நிறுத்தாது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். மூளைக்கும் இதயத் தசைக்கும் சிறிதளவு இரத்தத்தை அனுப்பி, மின்னதிர்ச்சி வரும்வரை காலத்தை நீட்டித்துத் தருவதே அதன் பணி. அழுத்தமும் மின்னதிர்ச்சியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு வரை குறைகிறது. அழுத்தம் தொடரும்போது இச்சரிவு ஏறத்தாழப் பாதியாகிறது. பெருநகரத்தில் ஆம்புலன்ஸ் பத்து நிமிடங்களில் வந்து சேர்ந்தாலும், அதற்கிடையே யாரும் மார்பை அழுத்தவில்லை என்றால் அந்நகரவாசியின் நிலை போனக்காட்டில் விழுந்தவரின் நிலையிலிருந்து பெரிதும் வேறுபடாது.

மின்னதிர்ச்சி வந்த வழி

சிதறிய மின்னலைகளை ஒரே கணத்தில் அடக்கி, இயற்கையான தூண்டல் மீண்டும் தலையெடுக்க இடமளிப்பதே டிஃபிப்ரிலேட்டர் கருவியின் வேலை. ஜெனீவாவில் 1899-ஆம் ஆண்டு பிரெவோ, பத்தெல்லி என்ற இரு ஆய்வாளர்கள், மின்சாரத்தால் உண்டாகும் நடுக்கத்தை மின்சாரத்தாலேயே நிறுத்த முடியும் என்று நாய்களில் கண்டறிந்தனர். அறுவை அரங்கில் மார்பு திறந்திருந்த நிலையில், மனித இதயத்துக்கு முதன்முதலாக வெற்றிகரமாக மின்னதிர்ச்சி கொடுத்தவர் அமெரிக்காவின் கிளீவ்லாந்தைச் சேர்ந்த கிளாட் பெக், ஆண்டு 1947, பிழைத்தது 14 வயதுச் சிறுவன். மூடிய மார்பின் மீது கைகளால் அழுத்தும் முறையை 1960-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் குழு வெளியிட்டது.

இவர்களுக்கு அடுத்து வந்த ஒருவரே மலையூர்களுக்கு மிக நெருக்கமானவர். வடக்கு அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகர மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ், நோயாளியைக் கருவியிடம் கொண்டுவருவதற்குப் பதிலாகக் கருவியை நோயாளியிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்று முடிவு செய்தார். கார் பேட்டரிகளில் இயங்கும் டிஃபிப்ரிலேட்டரை 1960-களின் நடுப்பகுதியில் ஆம்புலன்ஸில் ஏற்றினார். அக்கருவியின் எடை சுமார் 70 கிலோ. இன்று பொது இடங்களில் வைக்கப்படும் ஏ.இ.டி. எனும் தானியங்கிக் கருவிகளில் சில ஒன்றரை கிலோவைத் தாண்டுவதில்லை.

இந்தக் கருவியை இயக்க மருத்துவ அறிவு தேவையில்லை. பொத்தானை அழுத்தியதும் குரல்வழிக் கட்டளைகள் வரும். ஒட்டுப்பட்டைகளில் ஒன்றை வலது காறை எலும்புக்குக் கீழும், மற்றொன்றை இடது அக்குளுக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டிலும் ஒட்ட வேண்டும். மார்பு ஈரமாக இருந்தால் துடைத்துவிட வேண்டும். கருவியே இதயத்தின் மின்னோட்டத்தைப் படித்து, தேவைப்பட்டால் மட்டுமே அதிர்ச்சி கொடுக்கச் சொல்லும். தேவையற்றவருக்குத் தவறுதலாகக் கொடுத்துவிடுவோமோ என்ற அச்சத்துக்கு இடமில்லை. அதிர்ச்சியின்போது யாரும் அவரைத் தொடக் கூடாது. கொடுத்து முடித்த கணமே மீண்டும் அழுத்தத்தைத் தொடர வேண்டும். திரைப்படங்களில், திரையில் கோடு நேராகிவிட்ட நோயாளிக்கு மின்னதிர்ச்சி கொடுத்து எழுப்புவார்கள். உண்மையில் நேர்க்கோடு என்பது மின்னியக்கமே அற்ற நிலை. அதற்கு மின்னதிர்ச்சி பயன்படாது.

கவனிக்கப்படாத கீழறை நடுக்கம் சில நிமிடங்களில் வலுவிழந்து அந்த நேர்க்கோட்டில்தான் முடிகிறது. கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29-ஆம் தேதி, 46-ஆவது வயதில் பெங்களூருவில் காலமானபோது, மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட வேளையில் அவரது இதயம் முற்றிலும் இயக்கமற்றிருந்ததாக மருத்துவ அறிக்கை தெரிவித்தது. அதே ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி, கோபன்ஹேகனில் ஃபின்லாந்துக்கு எதிரான யூரோ கோப்பைக் கால்பந்து ஆட்டத்தில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் சரிந்து விழுந்தார். களத்திலேயே மார்பு அழுத்தமும் மின்னதிர்ச்சியும் கொடுக்கப்பட்டன. மைதானத்தை விட்டு வெளியேறும் முன்னரே அவருக்கு நினைவு திரும்பியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவர் இங்கிலாந்தின் பிரென்ட்ஃபோர்டு அணிக்காக மீண்டும் களமிறங்கினார்.

மருத்துவமனையில்

மருத்துவக் குழுவின் கையில் நோயாளி வந்து சேர்ந்த பின்னரும் சிகிச்சையின் அடிப்படை மாறுவதில்லை. இக்காலக் கருவிகளில் பொதுவாக 120 முதல் 200 ஜூல் வரையிலான மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டு, இரண்டு நிமிட அழுத்தத்துக்குப் பின் துடிப்பு மறுபடி பரிசோதிக்கப்படுகிறது. நடுக்கம் அடங்காவிட்டால் மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை 1 மி.கி. அட்ரினலின் ஊசி வழியாகச் செலுத்தப்படும். மின்னதிர்ச்சிக்கு மசியாத நடுக்கத்துக்கு 300 மி.கி. அமியோடரோன் அல்லது அதற்கு மாற்றாக லிடோகெயின் கொடுக்கப்படும். மின்வரைபடத்தில் முறுக்கிய நாடாபோலத் தோன்றும் ஒரு வகை மிகைத்துடிப்புக்கு மக்னீசியம் சல்பேட் உதவுகிறது. துடிப்பு மீண்டதும், அடைப்புதான் காரணமா என்று அறிய ஆஞ்சியோகிராம் செய்வது, பொட்டாசியம், மக்னீசியம் அளவுகளைச் சீராக்குவது, காய்ச்சல் வராமல் காத்து மூளையைப் பேணுவது எனத் தீவிர சிகிச்சை தொடர்கிறது.

மீண்டவர்களுக்கு மறுபடியும் நடுக்கம் வரும் அபாயம் உண்டு. தற்காலிகக் காரணம் ஏதும் கண்டறியப்படாவிட்டால் ஐ.சி.டி. எனும் சிறு கருவி மார்பின் தோலுக்கு அடியில் பொருத்தப்படுகிறது. இது இதயத் துடிப்பை இடையறாது கண்காணித்து, நடுக்கம் தொடங்கினால் தானாகவே மின்னதிர்ச்சி கொடுக்கும். 1980-இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்தப்பட்ட இக்கருவியே எரிக்சனுக்கும் பொருத்தப்பட்டது. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தை ஒட்டி அமைந்துள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தில், துடிப்புக் கோளாறுகளுக்கான இத்தகைய சிகிச்சைகள் வழங்கப்படுகின்றன. தென் தமிழக மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் இங்கு வருவது வழக்கம்.

யாருக்கு வரும்?

முன்னர் மாரடைப்பு வந்து இதயத் தசையில் தழும்பு ஏற்பட்டவர்களும், இதயம் இரத்தத்தை வெளியேற்றும் திறன் 35 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே குறைந்தவர்களும் முதன்மையான அபாயத்தில் உள்ளவர்கள். இளைஞர்களைத் தாக்குவது பெரும்பாலும் பரம்பரைக் கோளாறுகள். இதயத் தசை தடித்துப்போகும் நோயில், வெளித்தோற்றத்தில் கட்டுடலாகத் தெரியும் விளையாட்டு வீரர் ஓட்டத்தின் நடுவே சரிந்து விழக்கூடும். நீள் கியூ.டி. எனப்படும் மின்கோளாறு உள்ள சிலருக்கு நீச்சலோ, திடீரென ஒலிக்கும் கடிகார மணியோகூடத் தூண்டுதலாகிறது. 1992-இல் புருகாடா சகோதரர்கள் விவரித்த கோளாறு, காய்ச்சலின்போதோ உறக்கத்திலோ வெளிப்படுகிறது. பிலிப்பைன்ஸில் ‘பங்குங்குட்’ என்றும் தாய்லாந்தில் ‘லாய் தாய்’ என்றும், நலமாக உறங்கச் சென்ற இளைஞர்கள் விடியலில் இறந்துகிடக்கும் மர்மத்துக்குத் தனிப் பெயரே இருந்தது. அவற்றில் பலவற்றுக்கு இக்கோளாறே காரணம் என்பது பின்னாளில் தெளிவானது.

மருந்துகளும் நஞ்சுகளும் மற்றொரு காரணம். சில நுண்ணுயிர்க்கொல்லிகள், மலேரியா மருந்துகள், மனநல மருந்துகள் ஆகியவை இதயத்தின் மின்னோட்ட நேரத்தை நீட்டிக்கக்கூடியவை என்பதால், துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அரளிச் செடியின் நச்சுப்பொருளும் இதயத் துடிப்பைக் கடுமையாகக் குலைக்கவல்லது. திருவிதாங்கூர் தேவஸ்வம் வாரியம் 2024 மே மாதத்தில் தனது கோயில்களின் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைத் தவிர்க்க உத்தரவிட்டது குறிப்பிடத்தக்கது.

உழைப்பின் நடுவே மயங்கி விழுவது, படபடப்புடன் கூடிய மயக்கம், குடும்பத்தில் யாரேனும் இளம் வயதில் காரணம் தெரியாமல் இறந்திருப்பது ஆகிய மூன்றையும் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வெயிலில் நெடுநேரம் நின்றதால் வரும் சாதாரண மயக்கமும், ஓடும்போதே வரும் மயக்கமும் ஒன்றல்ல. பின்னதற்கு இ.சி.ஜி., எக்கோ பரிசோதனைகளும் இதயநோய் நிபுணரின் ஆலோசனையும் அவசியம்.

தமிழக அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்கீழ், மாரடைப்பு அறிகுறிகளுடன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவோருக்கு ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் அடங்கிய 14 மாத்திரைகள் உடனடியாக வழங்கப்படுகின்றன. நெஞ்சுவலி நிலையிலேயே தலையிடும் இத்தகைய ஏற்பாடு, தொலைதூர மருத்துவமனைக்குச் செல்லும் வழியில் பயனளிக்கக்கூடியது. நினைவு இழந்தவருக்கு இது பொருந்தாது.

மலைப்பாதையில்

நெடிய ஏற்றம், நீரிழப்பு, உறக்கக் குறைவு ஆகியவை கண்டறியப்படாத இதயநோயை வெளிக்கொணரும் சூழல்கள். கோவை வெள்ளியங்கிரி மலையில் 2024-ஆம் ஆண்டு மலையேற்றக் காலத்தில் பக்தர்கள் சிலர் அடுத்தடுத்து உயிரிழந்தனர். இதய நோயாளிகள் ஏற்றத்தைத் தவிர்க்க வேண்டும் என்று வனத்துறை அறிவுறுத்தியது. சபரிமலையின் ஏற்பாடு இதில் முன்செல்கிறது. பம்பையிலிருந்து சன்னிதானம் வரையிலான ஏற்றத்தில் நீலிமலை, அப்பாச்சிமேடு ஆகிய இடங்களில் இதய சிகிச்சை மையங்களும், வழிநெடுக அவசர மருத்துவ உதவி மையங்களும் மண்டல, மகரவிளக்குக் காலத்தில் செயல்படுகின்றன. பாதையில் விழுபவரிடம் மின்னதிர்ச்சிக் கருவி சில நிமிடங்களில் சென்றுசேர வேண்டும் என்பதே இந்த அமைப்பின் கணக்கு.

அகத்தியர்கூடம் இவ்விரண்டையும்விடத் தனிமையானது. போனக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வழியாகச் சிகரம் வரை ஒரு வழிப் பயணமே ஏறத்தாழ 20 கி.மீ.; போய்த் திரும்ப மூன்று நாட்களாகும். காட்டுக்குள் நுழைந்தபின் கைபேசி இணைப்பை நம்ப இயலாது. அனுமதி பெறுவோரிடம் கேரள வனத்துறை மருத்துவத் தகுதிச் சான்றிதழ் கேட்கிறது. ஆனால், ஓய்வு நிலையில் எடுக்கப்படும் இ.சி.ஜி. இயல்பாக இருப்பது மட்டும் இரத்தக்குழாய் அடைப்பு இல்லை என்பதற்கு உறுதியாகாது. நாற்பது வயதைக் கடந்தவர்களும், சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளவர்களும் பயணத்துக்கு முன் உழைப்புத் தாங்கும் சோதனை தேவையா என மருத்துவரிடம் கேட்டறிவது நல்லது. ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ தோன்றினால் அங்கேயே அமர்ந்துவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்ச தூரம்தான்’ என்று ஏற்றத்தைத் தொடரக் கூடாது. தனியாகக் கீழே இறங்கவும் கூடாது.

குழுவாகச் செல்பவர்கள், மார்பு அழுத்தப் பயிற்சி பெற்ற இருவரேனும் உடன் இருப்பதைப் புறப்படும் முன்பே உறுதிசெய்துகொள்ளலாம். ஒருவர் மட்டும் பயின்றிருந்தால், விழுபவர் அவராகவே இருந்துவிடவும் கூடும்.